ஆ.மு. விட்டுப்போன கிருமி

ஜூன் 9, திங்கள்

விடியும்போதே மழை. கொமுட்டர் ரயில் வழக்கம்போல் தாமதம். குடை எடுக்க மறந்தாச்சு. ராத்திரியிலிருந்து வயிறு காலி, பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று உத்தரவு.

இன்று ஸ்கோப். வாய் வழியாகக் குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கிற வேலை. எனக்கு இது இரண்டாவது தடவை. லோரி கம்பெனியில் இத்தனை வருஷம் டிரைவர்களை விரட்டிய வாய் இது. அதில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டி, கடித்துக்கொள்ளச் சொன்னாள் நர்ஸ், தமிழ் மிஸி. சத்தமே வரவில்லை எனக்கு. ஆ.மு. இருந்திருந்தால் போட்டோ பிடித்து எல்லா டிரைவருக்கும் அனுப்பியிருப்பார்.

புருஷன் பெயரைச் சுருக்கி எழுதுகிற பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஆபீஸ் வெள்ளைப் பலகையில் டிரைவர்களை எல்லாம் அப்படித்தான் எழுதுவது. ஆறுமுகம் அதில் ஆ.மு. கல்யாணம் ஆகியும் மாறவில்லை. அவர் போய் இந்த ஆகஸ்டோடு இரண்டு வருஷம், இன்னும் மாறவில்லை.

வயிற்றுப் புற்று அவருக்கு. அந்த வயிற்றில் இருந்த அதே வகைக் கிருமி என் வயிற்றிலும் இருக்கிறது என்று அப்போதே கண்டுபிடித்தார்கள். எச். பைலோரி. அதை அப்படியே விட்டால் புண் வரலாம், சிலருக்கு அவருக்கு வந்ததே வரலாம். இரண்டு தடவை இரண்டு விதமான மருந்து, ஒரு வேளை தவறாமல் முழுங்கினேன். கிருமி சாகவில்லை.

சின்ன வயசு டாக்டர், தலைக்குத் துடோங் போட்ட பெண். மலாயில் பொறுமையாகச் சொன்னார். இது வரைக்கும் கொடுத்தது கடையில் தொங்குகிற சட்டையாம், பெரும்பாலானவர்களுக்குப் பொருந்தும். எனக்குப் பொருந்தவில்லை. இனி அளவெடுத்துத் தைக்க வேண்டும். அதற்காக வயிற்றுக்குள் ஒரு துளி சதை கிள்ளி எடுத்தார்கள். லேப்பில் அந்தக் கிருமியை வளர்த்து, ஒவ்வொரு மருந்தாக வைத்துப் பார்ப்பார்களாம், எதற்குச் சாகிறது, எதற்கு அசையவில்லை என்று. மெதுவாக வளர்கிற ஜாதி, பொறுத்திருக்க வேண்டும் என்றார். வளராமலும் போகலாமாம்.

டெகில் என்றார் சிரித்துக்கொண்டே. பிடிவாதம் பிடித்த கிருமி.

யார் வீட்டுக் கிருமி.

மகள் திவ்யா லீவு போட்டு வந்து கூட்டிப்போனாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்திருந்தாள். தொண்டை வலி. கஞ்சி.


ஜூன் 12, வியாழன்

வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆபீஸ் ஏர்கோன் மறுபடி சொட்டுகிறது. வாளி வைத்தாச்சு.

- போர்ட் கேட்டில் கியூ. மூன்று கண்டெய்னர் லேட்.
- பெரிய முதலாளி இரண்டு தடவை போன்.
- சிவாவுக்கு டயர் பஞ்சர், மேரு பக்கம்.
- எனக்கு நெஞ்செரிச்சல். கேஸ்ட்ரிக் மாத்திரை இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஸ்கோப்புக்காக இரண்டு வாரமாக நிறுத்தி வைத்தது, அதைச் சாப்பிட்டால் கிருமி ஒளிந்துகொள்ளுமாம். இனி வேண்டுமானால் சாப்பிடலாம். வாங்கப் போக நேரமில்லை.

சிவா ஆ.மு.வின் சிநேகிதன். தம்பி மாதிரி. இரண்டு பேரும் ஒரே வருஷத்தில் கம்பெனிக்கு வந்தவர்கள். என்னை அண்ணி என்பான், மற்றவர்களுக்கு நான் அக்கா. சாயங்காலம் கேட் பாஸ் கொடுக்க வந்தவன் வயிற்றைத் தடவிக்கொண்டே நின்றான். என்னடா என்றேன். காலையில் சாப்பிடாமல் நாலு கிளாஸ் தே தாரிக் குடித்தேன், அதான் என்றான். திட்டினேன். திட்டினால்தான் அவனுக்கு நிம்மதி.

பகலில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. பொட்டலத்தைப் பிரித்து நடுவில் ஒரு கோடு. இந்தப் பக்கம் அவருக்கு, அந்தப் பக்கம் எனக்கு. கோடு போட்ட பிறகுதான் நினைவு வந்தது. கோட்டை அழிக்க மனசில்லாமல் ஒரு பக்கத்தை மட்டும் சாப்பிட்டுவிட்டு மூடி வைத்தேன்.


ஜூன் 15, ஞாயிறு

திவ்யா செந்தூலிலிருந்து வந்தாள். கை நிறைய டப்பா. எண்ணெய் இல்லாதது, காரம் இல்லாதது, ருசி இல்லாதது.

அவள் பயம் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு என்ன வியாதி என்று தெரிந்த அன்றே அவளும் டெஸ்ட் செய்துகொண்டாள். அவளுக்கு இல்லை. எனக்கு இருந்தது. அன்று சாயங்காலமே சமையலறையில் தட்டு, கிளாஸ், கரண்டி எல்லாவற்றையும் பிரித்து வைத்துவிட்டாள். அப்பாவுக்குத் தனி, அம்மாவுக்குத் தனி. சிவப்பு நூல் கட்டியது அப்பாவுடையது.

எங்களுக்கு அது பழக்கமில்லாத காரியம். கல்யாணத்தன்று அவர் சாப்பிட்ட இலையில் என்னை உட்கார வைத்தார்கள், எல்லார் வீட்டிலும் செய்வதுதான். மற்றவர்கள் அத்தோடு விட்டுவிடுவார்கள். நாங்கள் விடவில்லை. லோரி எத்தனை மணிக்குத் திரும்பினாலும் நீலக் கரை போட்ட அந்த எனாமல் மங்குத் தட்டு ஒன்றுதான். முதலில் அவர். முதல் வாயில், உப்பு பத்தல. எவ்வளவு போட்டாலும் உப்பு பத்தல. பிறகு பாதியில் எழுந்து கை கழுவுவார். மீதியில் நான். தட்டின் ஓரத்தில் நல்ல மீன் துண்டாகப் பார்த்து ஒரு வாய் சோற்றோடு ஒதுக்கி வைத்திருப்பார். அது தனியாக எனக்கு.

மகளுக்கு இதெல்லாம் அசிங்கம். இப்போது இல்லை, பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே. ‘ஏம்மா வீட்ல வேற தட்டே இல்லையா?’

இன்று கிளம்பும்போது செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னாள்: ‘அப்பாவ விட்ட மாதிரி உங்கள விட மாட்டேன்மா. இந்தத் தடவ கண்டிப்பா போயிரணும் அது.’

சரி என்றேன். அவள் டப்பா ஒன்றையும் தொடவில்லை. மிளகாய்த் தூளில் கை வைத்தால் வயிறு எரியும். ரொட்டி, மிலோ.


ஜூன் 18, புதன்

ரிசல்ட் இல்லை. மழை. திவ்யா மூன்று தடவை போன்.

கனவில் ஆ.மு. லோரியை ரிவர்ஸ் எடுக்கிறார். நான் பின்னால் நின்று வா வா என்கிறேன். கிட்டே வரவே இல்லை.


ஜூன் 25, புதன்

கிருமி வளர்ந்துவிட்டது. ரிசல்ட் வந்தது.

காலையில் கொமுட்டரில் நின்றுகொண்டே போனேன். பக்கத்தில் இரண்டு காலேஜ் பெண்கள் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு தூங்கினார்கள்.

டாக்டர் ஒரு தாளைத் திருப்பிக் காட்டினார். மருந்துப் பெயர்கள் வரிசையாக, பக்கத்தில் எழுத்து. மூன்று மருந்துக்கு என் கிருமி அசையாது. முதல் தடவை கொடுத்ததில் ஒன்று, இரண்டாவது தடவை கொடுத்ததில் ஒன்று, இன்னொன்று எனக்குக் கொடுக்கவே இல்லை. இரண்டு மருந்துக்கு மட்டும் சாகிறது. அந்த இரண்டையும் வைத்து எனக்கென்று ஒரு சட்டை.

பிறகு கேள்வி. முன்னால் எப்போதாவது இந்த மாதிரி மருந்து சாப்பிட்டது உண்டா? இருமலுக்கு, பல்லுக்கு, எதற்காவது? யோசித்தேன். இருமலுக்கு நிறைய. பல் பிடுங்கியபோது ஒன்று. அப்புறம் அது ஞாபகம் வந்தது.

பல வருஷத்துக்கு முன்னால் ஆ.மு.வுக்கு வயிற்றெரிச்சல், பக்கத்துக் கிளினிக்கில் இரண்டு வாரத்துக்கு ஒரு மூட்டை மாத்திரை. ஒரு வாரத்தில் அவருக்குச் சரியாகிவிட்டது. அதே சமயம் எனக்கும் எரிச்சல். மீதி அட்டைகளை எடுத்து வந்து என் மடியில் போட்டார். ‘இந்தா, பாதி எனக்கு, பாதி உனக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே வயிறுதானே மகேஸ்.’

சந்தோஷமாக முழுங்கினேன். நாசி லெமாக், வடை, தே தாரிக், மாத்திரை. எல்லாம் பாதிப் பாதி.

டாக்டரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பாதியில் நிறுத்தினால் இளைத்த கிருமி செத்துப்போகும், வலுத்தது தங்கிவிடும், அதன் பிள்ளைகளும் அப்படியே இருக்கும் என்றார். அப்போ அவர் முழுசாகச் சாப்பிட்டிருந்தால்? கேட்டேவிட்டேன். தெரியாது என்றார். அந்த மருந்தால்தான் இப்படி ஆனது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பொய் சொல்லாததற்கு அவருக்கு நன்றி.

இன்னொன்றும் கேட்டேன். என் கிருமி அவரிடமிருந்து வந்ததா? அதுவும் தெரியாதாம். பெரும்பாலும் சின்னப் பிள்ளையில் தொற்றுவது. புருஷன் பெண்டாட்டிக்கு ஒரே கிருமி இருப்பதும் உண்டு, வேறு வேறாக இருப்பதும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். அவருடையது இப்போது ஏது?

வெளியே மிஸி மருந்தை விளக்கினாள். எழுந்துபோகும்போது தட்டுப் பிரித்த கதையை அவளிடம் சொன்னேன், ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவள் நல்ல மனசில்தான் சொன்னாள்: ‘அந்த நேரத்துல பிரிச்சு என்ன ஆகப் போவுது ஆன்டி. எத்தன வருஷமா ஒண்ணா சாப்ட்டீங்க. அது எப்பவோ உங்ககிட்ட வந்திருக்கும்லா.’

பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி நடந்தேன். பூக்கடை, பாட்டுச் சத்தம், வாழையிலைக் கடை வாசலில் கூட்டம். எதுவும் காதில் விழவில்லை.

வீண். அந்தக் கடைசி மாதங்கள், சிவப்பு நூல் கட்டிய தட்டில் அவர் தனியாகக் கஞ்சி குடித்தது வீண். நான் எதிரே உட்கார்ந்து வேறு தட்டில் சாப்பிட்டது வீண். அப்போதும் தட்டு ஓரத்தில் ஒரு வாய் ஒதுக்கி வைத்தார் மனுஷன். பழக்கம். நான் தினமும் அதைச் சிங்க்கில் கழுவி ஊற்றினேன். ஒரு நாள் மட்டும் கேட்டார், ‘என் தட்டுல சாப்பிட மாட்டியா?’

திவ்யா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். டாக்டர் வேண்டாம்னாரு என்றேன் நான். எந்த டாக்டரும் சொல்லவில்லை.

மாத்திரை இன்று ராத்திரி ஆரம்பம்.


ஜூன் 27, வெள்ளி

நாளுக்கு எத்தனை மாத்திரை. வயிறா, மருந்துக்கடையா.

- ஆசிட் குறைக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால். காலை, ராத்திரி.
- அமொக்ஸிசிலின். பெரிய கேப்ஸ்யூல். தொண்டையில் நின்று யோசித்து இறங்குகிறது.
- டெட்ராசைக்ளின். நாலு வேளை. பால் கூடவே கூடாது, மருந்தைப் பால் பிடித்து வைத்துக்கொள்ளுமாம். போச்சு தே தாரிக்.
- பிஸ்மத். இதனால் நாக்கு கறுப்பு. மற்றதும் கறுப்பு. மிஸி முன்னாலேயே சொன்னாள், இல்லையென்றால் செத்தேன் என்று நினைத்திருப்பேன்.

ஆபீஸில் நாக்கைப் பார்த்துவிட்டார்கள். அக்கா சாபம் விட்டு விட்டு நாக்கு கறுத்துப்போச்சு என்று ஒருத்தன். பலகையில் அவன் பெயருக்கு நேரே தூரத்து ஜொகூர் ட்ரிப் எழுதினேன். வாயை மூடிக்கொண்டான்.

தே ஓ கோசோங், வெறும் தேத்தண்ணி. பால் இல்லை, சீனி இல்லை. குடிக்கிற அளவுக்கு நான் என்ன பாவம் செய்தேன்.


ஜூலை 1, செவ்வாய்

புகைமூட்டம். எதிர் வீட்டு மாடி தெரியவில்லை. தொண்டை கரகரப்பு, குமட்டல்.

போன் அலாரம் நாலு வேளை. அதற்கு ஒரு பாட்டு வைத்திருந்தேன், இப்போது அந்தப் பாட்டைக் கேட்டாலே வாந்தி வருகிறது. மாற்றினேன்.

சுவரில் ஆ.மு. போட்டோவுக்குப் பூ மாற்றும்போது ஒரு நினைப்பு. யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் இங்கே.

அவருடைய சட்டைகளைத் திவ்யா அநாதை இல்லத்துக்குக் கொடுத்துவிட்டாள். லோரி வேறு ஆளிடம். போனில் இருந்த குரல், போன் கெட்டபோது போய்விட்டது. சாம்பலைக் கடலில் கரைத்தோம். அவர் உடம்பில் உயிரோடு இருந்த எதுவும் இந்த உலகத்தில் மிச்சமில்லை. இது ஒன்றைத் தவிர. ஒரு வேளை இது அவருடையதாக இருந்தால், அவர் வயிற்றிலிருந்து என் வயிற்றுக்கு வந்து, பெருகிப் பெருகி இன்னும் உயிரோடு இருக்கிற ஒன்று. அதை நான் நாலு வேளை அலாரம் வைத்துக் கொன்றுகொண்டிருக்கிறேன்.

சின்ன வயசில் என் அம்மாவிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். டாக்டர் சொன்னார். இல்லை. அவருடையதுதான். அப்படித்தான் வைத்துக்கொண்டேன்.

பைத்தியக்காரி. கிருமிக்கு யாராவது ஏங்குவார்களா.

ஏங்குகிறேன். கிருமிக்கு இல்லை. தெரியும்.


ஜூலை 3, வியாழன்

பகல் மாத்திரை சாப்பிடவில்லை. மறக்கவில்லை. சாப்பிடவில்லை.

அலாரம் அடித்தது, அணைத்தேன். மாத்திரையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், போன் வந்தது, மேசை டிராயரில் போட்டேன். சாயங்காலத்தையும் போட்டேன். திவ்யா வாட்ஸாப்பில் ‘மருந்து ஓகேவா?’ கட்டைவிரல் அனுப்பினேன்.

ராத்திரி மாத்திரை? படுக்கும் வரை யோசனை. முழுங்கவில்லை.

வயிறு அமைதியாக இருக்கிறது. அது இன்னும் இருக்கிறது என்று நினைத்தால் வீட்டில் இன்னொரு ஆள் இருப்பது போல.


ஜூலை 4, வெள்ளி

காலையிலும் சாப்பிடவில்லை. இன்றோடு நிறுத்திவிடுவது என்று முடிவே செய்திருந்தேன். மாத்திரைகளைப் பையோடு ஆபீஸுக்கு எடுத்துப்போனேன். வீட்டில் இருந்தால் திவ்யா வந்து மிச்சத்தைப் பார்த்துவிடுவாள்.

பகலில் சிவா வந்தான். மூஞ்சி வெளுத்திருந்தது. கண்டெய்னரை இறக்கிவிட்டு நேரே என் மேசைக்கு. நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றை அமுக்கிக்கொண்டான். மேசையில் பை திறந்திருந்தது, அட்டைகள் எல்லாம் தெரிந்தன.

‘அண்ணி, எனக்கும் உங்களுக்கு வந்த அதே எரிச்சல்தான். மிச்சம் இருந்தா ஒரு ரெண்டு அட்ட குடுங்களேன். பாதி போதும்.’

பாதி போதும்.

அப்படியே அவர் குரல். அதே எரிச்சல், அதே வயிறு, பாதி எனக்குப் பாதி உனக்கு. கொடுக்க மனசும் வந்தது, அதுதான் கொடுமை. எனக்கு வேண்டாத மாத்திரை, அவனுக்கு வேண்டும். பையைத் தள்ளிவிட்டால் இரண்டு பேருக்கும் வேலை முடிந்தது. கை பை மேல் போயே விட்டது.

அவன் பாதி சாப்பிடுவான். சரியாகிவிடும். கொஞ்ச வருஷம் நன்றாக இருப்பான். பிறகு அவன் பெண்டாட்டியும் சிவப்பு நூல் கட்டிய தட்டைக் கழுவுவாள்.

டிராயரைத் திறந்து நேற்றைய மாத்திரைகளைக் குப்பையில் போட்டேன். அட்டையிலிருந்து இந்த வேளைக்கு உண்டானதைப் பிதுக்கி, அவன் எதிரிலேயே தண்ணீரோடு முழுங்கினேன். அந்தப் பெரிய கேப்ஸ்யூல் தொண்டையில் நின்றது. அழுகையும் அங்கேயே நின்றது. இரண்டும் சேர்ந்து இறங்கின.

‘குடுக்க மாட்டேன்டா. இது என் வயித்துக்கு அளவெடுத்துத் தச்சது. உனக்கு வேற. போய் டெஸ்ட் பண்ணு.’

அண்ணன் இருந்தால் கொடுத்திருப்பார் என்றான் சிரித்துக்கொண்டு. ஆமாம், கொடுத்திருப்பார் என்றேன். அவன் சிரிப்பு நின்றது.

எழுந்துபோய்ப் பலகையில் அவன் பெயரை அழித்தேன். திங்கள், செவ்வாய், புதன், எல்லா ட்ரிப்பும் வேறு ஆளுக்கு. டாக்டர் சீட்டுக் காட்டாமல் லோரிச் சாவி கிடையாது என்றேன். பெரிய முதலாளியிடம் சொல்லுவேன் என்றான். சொல்லிக்கோ. பெரிய முதலாளிக்குப் பலகை படிக்கத் தெரியாது.

அவன் போன பிறகு டாய்லெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆ.மு. மேல் கோபம். இத்தனை நாள் வராத கோபம். ஏன் பாதி கொடுத்தீங்க? உங்க பங்கை நீங்க முழுசா சாப்பிட்டிருக்கக் கூடாதா? எதையாவது ஒன்றை எனக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டிருக்கக் கூடாதா?

மிஸிக்குப் போன் செய்து விட்டுப்போன வேளைகளைச் சொன்னேன். மறந்துவிட்டது என்றுதான் சொன்னேன். டாக்டரைக் கேட்டுவிட்டு, இரட்டிப்பாகச் சாப்பிடாதீர்கள், விட்ட இடத்திலிருந்து தொடருங்கள், கடைசி மாத்திரை வரைக்கும் என்றாள்.


ஜூலை 7, திங்கள்

சிவா கிளினிக்கில். மெசேஜ்: ‘அண்ணி கியூ பயங்கரம். உங்களாலதான்.’ கட்டைவிரல் அனுப்பினேன்.

குமட்டல். ஊறுகாய் வேண்டும் போல். தொடவில்லை.


ஜூலை 10, வியாழன்

கடைசி மாத்திரை. அட்டைகள் காலி. குப்பையில் போடும்போது ஒரு நிமிஷம் நின்றேன், போட்டேன்.

போறதானா போங்க.


ஜூலை 24, வியாழன். ஆடி அமாவாசை

கோயிலில் கூட்டம். வெயில். அவர் பெயரில் அர்ச்சனை. ஐயர் நட்சத்திரம் கேட்டார், சொன்னேன். நாக்கு பழைய நிறத்துக்கு வந்தாச்சு.

சிவாவுக்கும் இருக்கிறதாம் அது. மருந்து ஆரம்பித்துவிட்டான். அவன் பெண்டாட்டிக்கும் டெஸ்ட். பலகையில் அவன் பெயருக்குப் பக்கத்தில் தினமும் ஒரு புள்ளி வைக்கிறேன். மாத்திரை சாப்பிட்டேன் என்று சொன்னால்தான் புள்ளி, புள்ளி வைத்தால்தான் சாவி. மற்ற டிரைவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நெஞ்செரிச்சல் குறைவு. ராத்திரி தூக்கம் வருகிறது. வயிறு லேசாக இருக்கிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.


ஆகஸ்ட் 11, திங்கள்

மூச்சு டெஸ்ட். காலி வயிறு. மழை வரும் போல், வரவில்லை.

முதலில் ஒரு பையில் ஊதச் சொன்னாள் மிஸி. பிறகு புளிப்பாக ஒரு தண்ணீர் கொடுத்தாள். உட்கார்ந்து காத்திருந்து, இன்னொரு பையில் மறுபடி ஊத வேண்டும். கிருமி உள்ளே இருந்தால் அந்தத் தண்ணீரை உடைக்கும், அது மூச்சில் தெரிந்துவிடும். எதிரே சீனக் கிழவர் ஒருவர், நான் ஊதுவதைப் பார்த்துத் தானும் கன்னத்தை உப்பினார்.

இரண்டாவது பை. நெஞ்சில் இருந்ததை எல்லாம் ஊதினேன். போதும் ஆன்டி, பை நிறைஞ்சிருச்சு என்றாள்.


ஆகஸ்ட் 14, வியாழன்

ரிசல்ட். மிஸியே போன் செய்தாள். லோரி ஒன்று கேட்டில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

‘ஒண்ணுமே இல்ல ஆன்டி. சுத்தமா போயிருச்சு.’

ரொம்ப நன்றிம்மா என்றேன். அழுகை வந்துவிட்டது. பாவம், சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து அவளும் அழுதாள்.

ஒன்றுமே இல்லை.

திவ்யாவுக்குச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா திதிக்கு நானே சமைக்கிறேன்மா என்றாள். நீ ஒன்றும் சமைக்க வேண்டாம், மீன் வாங்கி வா என்றேன்.


ஆகஸ்ட் 17, ஞாயிறு

விடியற்காலை மழை, பிறகு நல்ல வெயில். திவ்யா எட்டு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். பாசாரில் கெம்போங் மீன், புதுசு. வாழை இலையும் வாங்கி வந்திருந்தாள்.

இலை வேண்டாம் என்றேன். நாற்காலி போட்டு ஏறி அலமாரி மேலிருந்து மங்குத் தட்டை எடுத்தேன். சிவப்பு நூல் இன்னும் இருந்தது. முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. திவ்யா வாங்கி, பல்லால் கடித்து அறுத்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் தட்டைக் கழுவிக் கொடுத்தாள்.

படையல்: சோறு, மீன் குழம்பு, நெத்திலி சம்பல், ரசம், அப்பளம். ஒரு கிளாஸ் தே தாரிக், நுரை அடங்காமல். காக்காவுக்கு வெளியே வைத்தோம். எங்க ஊர் கிள்ளானில் காக்காவைக் கூப்பிடவா வேண்டும், நான் கதவைத் திறக்கும்போதே மதிலில் உட்கார்ந்திருந்தது. மீனை மட்டும் தூக்கிக்கொண்டு போனது. அவரே வந்தது போல்தான்.

கற்பூரம் காட்டியானதும் தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். படைத்த தட்டு. முதலில் அவர், பிறகு நான். இத்தனை நாள் கழித்து வரிசை சரியாக அமைந்தது. மிஸி சொல்லிவிட்டாள், இனி யார் தட்டிலும் சாப்பிடலாம், பயமில்லை. எச்சிலுக்குத்தான் ஆளில்லை.

மெதுவாகச் சாப்பிட்டேன். காரம் எரியவில்லை. எரிந்தால் நன்றாக இருந்திருக்கும். நீங்க இருந்தா நல்லா இருந்திருக்கும், வேற ஒண்ணும் இல்ல.

தட்டு முடியும்போது பார்த்தேன். ஓரத்தில் ஒரு வாய் சோறு, முள் எடுத்த மீன் துண்டோடு, தனியாக ஒதுங்கியிருக்கிறது. நான்தான் ஒதுக்கியிருக்கிறேன். எப்போது என்று தெரியவில்லை. கை அதற்கு மேல் போகவில்லை. கழுவி ஊற்றவும் முடியாது.

திவ்யா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அன்று நின்ற அதே இடம். வந்து என் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். என் தட்டுக்குள் கை விட்டு அந்த ஒரு வாயை எடுத்துச் சாப்பிட்டாள். மென்றுகொண்டே சுவரில் அவள் அப்பாவைப் பார்த்தாள்.

‘உப்பு பத்தலம்மா’ என்றாள்.